சூரிச்சில் சுத்த சைவம் தேடும் பெருமக்களுக்கு

நம்ம ஆளுங்க ஐரோப்பா போயிட்டு வந்து எழுதற பயணக் கட்டுரைக்குன்னு ஒரு அச்சு இருக்கு. முதல் பாரா ஏர்போர்ட். ரெண்டாவது பாரா குளிர். மூணாவதுல புலம்பல் ஆரம்பிச்சிடும். எங்கே திரும்பினாலும் மாடு, பன்றி, நாலு நாளா ரொட்டியும் வாழைப்பழமும்தான், கொண்டு போன பருப்புப்பொடி மட்டும் இல்லேன்னா நான் காலி, இத்யாதி இத்யாதி. அப்புறம் அஞ்சாம் நாள், சூரிச் பழைய நகரத்துக்கு நடுவுல ஒரு சைவ உணவகம் கண்ணுல படும். அவ்வளவுதான், அழுகை போய் ஆனந்தக் கண்ணீர். 'வெள்ளைக்காரனே நம்ம வழிக்கு வந்துட்டான் பாருங்க, நம்ம முன்னோர்கள் லேசுப்பட்டவங்களா' என்று ஒரு முத்தாய்ப்பு. கீழே முப்பது பின்னூட்டம். முப்பதும் 'அருமை'.

ஒரே மாசத்துல இந்த அச்சுல வார்த்த மூணு கட்டுரை படிச்சாச்சு. மூணும் ஒரே கடையைப் பத்தி. ரெண்டுல கடையோட பேரே தப்பு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன், முடியலை. அதனால் இந்தப் பதிவு. ஆட்டோ அனுப்ப நினைக்கிறவங்க சுவிட்சர்லாந்து வரைக்கும் அனுப்பணும், மீட்டருக்கு மேல எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டுக்கங்க :-)

முதல்ல என்னைப் பத்தி ஒரு வரி சொல்லிடறேன், இல்லேன்னா பின்னூட்டத்துல அதைத்தான் முதல்ல கேப்பீங்க. நான் ஆடு, கோழி, மீன் எல்லாம் சாப்பிடறவன். வீட்டம்மா முட்டை கூடத் தொட மாட்டாங்க. பொட்டி தட்டற வேலைக்கு வந்து இந்த ஊர்ல பன்னிரண்டு வருஷமா குப்பை கொட்டறோம். மேற்படி கடையில மாசத்துக்கு ஒரு தடவையாவது ரெண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடறோம். ரெண்டு பேருக்குமே பிடிச்ச கடை. அதனால கடையைத் திட்டப் போறேன்னு நினைக்காதீங்க. திட்டு வேற இடத்துக்கு.

கடை பேரு ஹில்ட்ல். சூரிச் மெயின் ஸ்டேஷன்ல இறங்கி பான்ஹோஃப் தெருவுல நேரா நடந்தீங்கன்னா வலது பக்கம் சீல் தெரு பிரியும். அதுல திரும்பினா வந்துடும். உள்ளே நீளமா ஒரு பஃபே. நூறு வகைக்கு மேல பரப்பி வச்சிருப்பாங்க. தட்டை எடுத்து வேண்டியதைப் போட்டுக்கிட்டு தராசுல வைக்கணும். எடைக்குத் தகுந்த காசு. நம்ம ஆளுங்க இங்கேதான் மாட்டுவாங்க. முதல் கரண்டியே சோறு, அது மேல பருப்பு, அது மேல தயிர். மூணும் கனமான அயிட்டம். தராசு காட்டற தொகையைப் பார்த்துட்டு முகம் போற போக்கு இருக்கே! விவரமானவங்க கீரை, வறுத்த காளான், பொரிச்சது எல்லாம் காத்து மாதிரி எடுத்துக்கிட்டுப் போவாங்க. (வீட்டம்மா இதுல டாக்டரேட்.)

சூரிச்சுக்குன்னு சொந்தமா ஒரு சாப்பாடு உண்டு. கெஷ்னெட்ஸெல்டெஸ்னு பேரு, ரெண்டு மூணு தடவை சொல்லிப் பாருங்க, பல் பத்திரம். கன்னுக்குட்டி இறைச்சியை மெல்லிசா சீவி, காளான், க்ரீம், வெள்ளை ஒயின் சேர்த்து கொதிக்க வச்சு ரோஸ்டியோட கொடுப்பாங்க. ரோஸ்டின்னா உருளைக்கிழங்கைத் துருவி, வெண்ணெய் விட்டு, அடை மாதிரி ரெண்டு பக்கமும் சிவக்க விட்டு எடுக்கறது. இதையே இறைச்சி இல்லாம இந்தக் கடையில செய்யறாங்க. இறைச்சியில செஞ்சதையும் சாப்பிட்டவன்ங்கற உரிமையில சொல்றேன், இதுக்கு ஒரு குறையும் இல்லை. பஃபேயில இந்தியக் குழம்பு வகைகளும் இருக்கும். எடுத்துக்கலாம், ஆனா அம்மா கைமணம் எதிர்பார்க்காதீங்க. காரம் மேல்நாக்குல தட்டிட்டு 'வரேங்க'ன்னு போயிடும்.

சரி, மேட்டருக்கு வருவோம். வெள்ளைக்காரன் நம்மகிட்ட கத்துக்கிட்டான்னு சொல்றீங்களே, கொஞ்சம் கணக்குப் பார்க்கலாமா?

கடை ஆரம்பிச்சது 1898. அப்ப அதுக்கு வச்ச பேரு 'மரக்கறி உண்போர் இல்லமும் மதுவிலக்குக் காபிக்கடையும்'. இறைச்சியும் கிடையாது, சாராயமும் கிடையாது. ஊர் சிரிச்சது. அங்கே போறவங்களுக்கு 'புல் தின்னிங்க'ன்னு பட்டப்பேரு, கடைக்கு 'கிழங்குப் பதுங்குகுழி'ன்னு பட்டப்பேரு. வியாபாரம் படுத்துக்கிச்சு. அப்பதான் அம்ப்ரோசியஸ் ஹில்ட்ல்னு ஒரு தையல்காரர் சாப்பிட வரார். ஜெர்மனியின் பவேரியாப் பக்கத்துல இருந்து பிழைக்க வந்தவர். மூட்டு வாதம். விரல் மடங்கலைன்னா தையல்காரன் எப்படி ஊசி பிடிக்கறது? இறைச்சியை நிறுத்துன்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஊர்ல இறைச்சி இல்லாத சாப்பாடு கிடைக்கற இடம் இது ஒண்ணு, வந்து உட்கார்ந்தார். உடம்பு தேறினது. 1903-ல கடையை நடத்தற பொறுப்பை ஏத்துக்கிட்டார், அடுத்த வருஷம் கடையே அவரோடது ஆச்சு. அங்கே சமைச்சுக்கிட்டிருந்த மார்த்தா நொய்ப்பெல் அம்மாவையே கல்யாணமும் பண்ணிக்கிட்டார். (புத்திசாலி.) அதுக்கப்புறம் நாலு தலைமுறை. தொடர்ந்து நடக்கற சைவ உணவகங்கள்லயே உலகத்துல பழசு இதுதான்னு கின்னஸ்காரங்க எழுதி வச்சிருக்காங்க.

இதுல எங்கேயாவது நம்ம முன்னோர்கள் வராங்களா? வேதம், ஆகமம், அகிம்சை? ஒண்ணும் இல்லை. மூட்டுவலி வருது. அந்தக் காலத்துல ஜெர்மன் பேசற நாடுகள்ல வாழ்க்கைச் சீர்திருத்தம்னு ஒரு அலை அடிச்சது. தவிட்டு ரொட்டி சாப்பிடு, வெயில்ல உடம்பைக் காட்டு, புகையிலையை விடு, குடியை விடு, இறைச்சியை விடு. ஆலைப்புகை நகரத்துல நோஞ்சானாப் போன மனுசங்களுக்குச் சொன்ன வைத்தியம். இதே சூரிச்ல பிர்ஹர்-பென்னர்னு ஒரு டாக்டர் ஆப்பிளைத் துருவி, ஊறின ஓட்ஸ், எலுமிச்சைச் சாறு, பால், கொட்டை வகை சேர்த்து நோயாளிகளுக்குக் கொடுத்தார். அதுதான் இன்னிக்கு உலகம் பூரா டப்பாவுல விக்கற மியூஸ்லி. 1904-ல சூரிச்பெர்க் மலைச்சரிவுல மருத்துவ விடுதியே கட்டினார். சுசன்னா ஒரெல்லின்னு ஒரு அம்மா 1894-லேயே பெண்கள் சங்கம் அமைச்சு, மது இல்லாத சாப்பாட்டுக் கடைகளை ஊர்ல ஒவ்வொண்ணா திறந்துக்கிட்டு வந்தாங்க. ஹில்ட்ல் கடை இந்தக் குடும்பத்துப் பிள்ளை. நம்ம ஊர் உடுப்பி ஓட்டலுக்கு ஒண்ணு விட்ட தம்பி கூட இல்லை.

இந்தியா வரவே இல்லையான்னா, வந்தது. மறைக்க மாட்டேன். 1950-கள்ல அந்த வீட்டு மருமகள் மார்க்ரித் ஹில்ட்ல் டெல்லிக்கு உலக சைவ மாநாட்டுக்குப் போனாங்க. திரும்பும்போது சமையல் குறிப்புகளோட வந்தாங்க. மஞ்சள், சீரகம், ஏலக்காய்னா இந்த ஊர்ல தேடி அலையணும்ங்கற காலம் அது. 2002-ல மூடிப்போன சுவிஸ்ஏர் விமானக் கம்பெனி கூட சைவப் பயணிங்க சாப்பாட்டுக்கு இவங்ககிட்டதான் வந்தது. இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா தேதியைப் பாருங்க. கடைக்கு அரை நூற்றாண்டு வயசான பிறகு வந்தது மசாலா. மசாலா வந்தது, சரி. கூட மடி ஆசாரம் வரலை. வந்திருந்தா கடை எப்பவோ இழுத்து மூடியிருக்கும்.

ஏன் சொல்றேன்னா, இந்தக் கடையில சாப்பிட வரவங்கள்ல பெரும்பாலானவங்க மத்த நாள்ல இறைச்சி சாப்பிடறவங்கதான். கடைக்காரங்களே இதைப் பெருமையாச் சொல்லியிருக்காங்க. நேத்து ராத்திரி பன்றித்தொடை சாப்பிட்டவர் இன்னிக்கு மத்தியானம் பீட்ரூட் சாலட் சாப்பிடுவார். பக்கத்து மேசையில இருபது வருஷமா சைவமா இருக்கற அம்மா. ரெண்டு பேருக்கும் ஒரே கரண்டி. மதுவிலக்குக் கடைன்னு பிறந்ததுல பின்னாடி பாரும் வந்தது, ராத்திரி நடனமும் வந்தது. இறைச்சியை மட்டும் உள்ளே விடலை. கடையோட கொள்கை தட்டுல ஆரம்பிச்சு தட்டுலயே முடியுது.

இப்ப ஒரு சம்பவம். இது ஹில்ட்ல் இல்லை, வேற ஒரு கடை, பேரு வேண்டாம். நண்பர் ஒருத்தரோட அப்பா ஊர்ல இருந்து ரெண்டு மாசம் தங்க வந்திருந்தார். நல்ல மனுசன், படிச்சவர், ரிட்டையர்டு ஆபீசர். என்ன ஜாதின்னு கேக்காதீங்க, நீங்க நினைக்கறதா இருக்கணும்னு அவசியமில்லை. நம்ம ஊர்ல இந்த வியாதி ஒரே ஒரு ஜாதியோட தனிச்சொத்து கிடையாது. எல்லாரும் ஒரு மரக்கறி உணவகத்துக்குப் போயிருந்தோம். பெரியவர் ரசிச்சு சாப்பிட்டார். பஃபேகிட்ட நின்னு பரிமாறின வெள்ளைக்காரப் பையனுக்கு 'வெரி குட், வெரி குட்'னு ரெண்டு தடவை கை கொடுத்தார். அப்புறம் தட்டு எடுக்க ஒரு அண்ணன் வந்தார். நாங்க பேசறதைக் கேட்டுட்டு சிரிச்சுக்கிட்டே, "தமிழோ?" என்றார்.

"ஆமா தம்பி, நீங்க எந்த ஊர்?"

"யாழ்ப்பாணம் ஐயா. இங்கை வந்து முப்பது வருசமாச்சு."

"அப்படியா, சந்தோஷம். வீட்டுல நீங்கள்லாம் சைவமா?"

அண்ணன் சிரிப்பு மாறாம, "வெள்ளிக்கிழமையிலை மட்டும் ஐயா" என்றார்.

பெரியவர் விடலை. "உள்ளே சமைக்கறது யாரு? நீங்களும் சமைப்பீங்களா? மீன் கறி திங்கற கையெல்லாம் உள்ளே இருக்குமோ?"

நண்பன் மேசைக்கு அடியில அப்பா காலை மிதிக்கறான். அண்ணன் தட்டைக் கையில வச்சுக்கிட்டே நிதானமா சொன்னார்: "ஐயா, இது சைவக்கடை இல்லை. மரக்கறிக்கடை. தட்டிலை மச்சம் இல்லை, அதுக்கு நாங்கள் பொறுப்பு. சமைக்கிற ஆக்கள் வீட்டிலை என்ன சாப்பிடீனம் எண்டு இங்கை ஒருத்தரும் கேக்கிறேல்லை."

பெரியவர் அதுக்கப்புறம் ஒரு வாய் கூடச் சாப்பிடலை. பாதித் தட்டு அப்படியே மிச்சம். அந்த மிச்சத் தட்டையும் அந்த அண்ணன்தான் எடுத்துக்கிட்டுப் போனார்.

அந்த வெள்ளைக்காரப் பையன்கிட்ட இந்தக் கேள்வியைப் பெரியவர் கேட்டாரா? கேக்கலை. கேக்கணும்னு தோணவும் இல்லை. அவன் வீட்டுல ராத்திரி என்ன வேகும்னு பெரியவருக்குத் தெரியாதா என்ன? நல்லாவே தெரியும். கன்னுக்குட்டி வேகும். ஆனா அவன் போட்ட குழம்பு சுத்தம், கை குலுக்கின கை சுத்தம். நம்ம மொழி பேசற ஒரு ஆள் வந்து நின்னதும் அடுப்பங்கரை வரைக்கும் விசாரணை. அப்ப பிரச்சினை இறைச்சியா? இறைச்சின்னா முதல்ல அந்தப் பையன்கிட்டல்ல கேட்டிருக்கணும்?

நான் எழுத வந்ததே இதைத்தான். நம்ம ஆளுங்க 'சைவமா?'ன்னு கேக்கறது பாதி நேரம் சாப்பாட்டுக் கேள்வியே இல்லை. 'நீ யாரு?'ன்னு கேக்கறது. நேரா கேக்கக் கூச்சம், அதனால வாழைக்காய் வழியாக் கேக்கறாங்க. வெள்ளைக்காரன் அந்தக் கணக்குக்கு வெளியில இருக்கான், அவனுக்கு விலக்கு. தமிழனுக்கு விலக்கு கிடையாது.

அந்த அண்ணன் போட்ட சொல் வித்தியாசத்தைக் கவனிச்சீங்களா? 'சைவம்'ங்கறது ஒரு சமயத்தோட பேரு. அதைக் கத்திரிக்காய்க்கு வச்சது நாம. அதனால கத்திரிக்காய் சாப்பிடறவன் ஒரு படி மேல, கருவாடு சாப்பிடறவன் ஒரு படி கீழேங்கற ஏணி அந்தச் சொல்லுக்குள்ளயே மடிச்சு வச்சிருக்கு. ஈழத்துக்காரங்ககிட்ட 'சைவம்'ங்கற சொல்லும் இருக்கு, ஜாதியும் தாராளமாவே இருக்கு, நான் அவங்களுக்கு வக்காலத்து வாங்கலை. ஆனா 'மரக்கறி'ன்னு ஒரு நேர்மையான சொல்லும் சேர்த்து வச்சிருக்காங்க. மரத்துல செடியில விளைஞ்சது, அவ்வளவுதான் அர்த்தம். அதைத் தின்னா மோட்சம் கிடைக்கும்னு அந்தச் சொல் எங்கேயும் வாக்குக் கொடுக்கலை.

சூரிச்ல மரக்கறிக்காரன் 'புல் தின்னி'ன்னு பேரெடுத்து, ஊரோட கேலியைத் தாங்கி, ஒரு மேசை நாற்காலி போட்டான். நம்ம ஊர்ல சைவக்காரன் எந்தக் காலத்துல கேலிக்கு ஆளானான்? பலகையில பேரு எழுதி உயர உட்கார்ந்தான். 1957-ல சென்னை திருவல்லிக்கேணியில ஓட்டல் பலகையில இருந்த 'பிராமணாள்'ங்கற ஒரு சொல்லை இறக்க பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது. மாசக்கணக்கா நடந்தது, தொண்டர்கள் தினம் கைதானாங்க. அந்தப் பலகை இறங்கினது. இன்னிக்கு சென்னையில வாடகை வீட்டுப் பலகையில 'சைவம் மட்டும்'னு எழுதறாங்க. அந்த வீட்டுச் சொந்தக்காரர் உங்க குழம்பு வாசனைக்காகத்தான் கவலைப்படறார்னு நம்பறீங்களா? நம்பினா உங்களுக்கு நல்ல மனசு, சந்தோஷம். இந்த ரெண்டு சரித்திரத்தையும் ஒரே உறையில போட்டு 'வெள்ளைக்காரன் நம்ம வழிக்கு வந்துட்டான்'னு எழுதினா, அவமானப்பட்டவனோட கதையை அவமானப்படுத்தினவன் திருடறதுதான் அது. கொஞ்சம் சூடா இருக்கோ? இருக்கட்டும்.

சூரிச் வரை வந்துட்டீங்க, லிம்மாட் ஆத்தைத் தாண்டி ரெட்டைக் கோபுரம் வச்ச கிராஸ்மூன்ஸ்டர் தேவாலயத்தையும் பார்ப்பீங்க, போட்டோ எடுப்பீங்க. அங்கே பாதிரியாரா இருந்தவர் உல்ரிச் சுவிங்ளி. 1522 மார்ச் மாசம், ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம். இறைச்சி சாப்பிடக் கூடாதுன்னு சட்டம். ஃப்ரோஷவர்னு ஒரு அச்சுக்கூடக்காரர் வீட்டுல கொஞ்ச பேர் உட்கார்ந்து, புகையில வாட்டின சாசேஜை வெட்டித் தின்னுட்டாங்க. சுவிங்ளி அங்கே இருந்தார், ஆனா அவர் மட்டும் சாப்பிடலை. விஷயம் வெளியே வந்து அச்சுக்கூடக்காரரைப் பிடிச்சு உள்ளே போட்டாங்க. சுவிங்ளி ரெண்டு வாரத்துல மேடை ஏறி, எதைச் சாப்பிடணும் எதைச் சாப்பிடக் கூடாதுங்கறதுல கிறிஸ்தவனுக்குச் சுதந்திரம் உண்டுன்னு பிரசங்கம் பண்ணினார். அப்புறம் அதை அச்சும் போட்டார். சுவிட்சர்லாந்துல மதச் சீர்திருத்தம் ஆரம்பிச்ச கதையை இங்கே அந்த சாசேஜ்ல இருந்துதான் சொல்வாங்க. தின்னவனுக்காக, தின்னாத ஒருத்தர் வாதாடினார்ங்கறதுதான் எனக்கு இதுல ருசியான பகுதி. அந்த ஆத்துக்கு அந்தக் கரையில சாசேஜ் தின்ன உரிமை, இந்தக் கரையில முந்நூத்தி எழுபத்தாறு வருஷம் கழிச்சு சாசேஜ் தின்னாம இருக்க ஒரு மேசை. நடுவுல நடந்து போனா பத்து பதினைஞ்சு நிமிஷம்தான்.

'ஆஹா, வெள்ளைக்காரனுக்கு ஜால்ரா அடிக்க ஆரம்பிச்சுட்டான்'னு பின்னூட்டம் டைப் பண்ண ஆரம்பிச்ச நண்பரே, கொஞ்சம் பொறுங்க. இவங்களும் சாப்பாட்டை வச்சு ஆளை அடிச்சவங்கதான். சுவிட்சர்லாந்துல மக்கள் கையெழுத்துத் திரட்டி சட்டத்துக்கு ஓட்டெடுப்பு நடத்தற முறை பேர்போனது. அந்த முறையில வந்த முதல் ஓட்டெடுப்பு எதுக்குன்னு நினைக்கறீங்க? 1893 ஆகஸ்ட்ல, மிருகத்தை மயக்கமாக்காம அறுக்கக் கூடாதுங்கறதுக்கு. கேட்டா ஜீவகாருண்யம். அடிவயித்துல யூத வெறுப்பு. யூதங்க முறைப்படி மயக்காமதான் அறுக்கணும். அரசாங்கமும் பாராளுமன்றமும் வேண்டாம்னு சொல்லியும் மக்கள் ஓட்டுப் போட்டு ஜெயிக்க வச்சாங்க, நூத்துக்கு அறுபது பேர் ஆதரவு. தடை இன்னிக்கும் சட்டத்துல இருக்கு, அந்த இறைச்சியை வெளிநாட்டுல இருந்து வாங்கிக்கிறாங்க. மிருகத்து மேல நிஜமான இரக்கத்தோட ஓட்டுப் போட்டவங்களும் அதுல இருந்திருப்பாங்க, இல்லேன்னு சொல்லலை. ஆனா இரக்கம்ங்கற சட்டையை யார் வேணா மாட்டிக்கலாம். ஹில்ட்ல் கடைக்கு அஞ்சு வருஷம் முந்தி நடந்தது இது.

நம்ம பக்கத்துக்கு ஒரு சாட்சி வேணும்னா காந்தியைக் கூப்பிடுவோம். அவரைவிட சுத்த சைவம் யார் இருக்கா? 1888-ல லண்டன் போனார். அம்மாவுக்குக் கொடுத்த சத்தியத்துக்காக இறைச்சியைத் தொடாம, அரைப்பட்டினியா தெருத்தெருவா அலைஞ்சார். (நம்ம பயணக்கட்டுரைக்காரங்களுக்கு முன்னோடி.) ஒருநாள் லண்டன் சிட்டியில ஃபாரிங்டன் தெருவுல ஒரு சைவ உணவகம் கண்ணுல பட்டது. உள்ளே போறதுக்கு முந்தி வாசல்ல விக்கற புத்தகங்கள்ல ஹென்றி சால்ட் எழுதினது ஒண்ணை வாங்கினார். அது வரைக்கும் சத்தியத்துக்காக சைவம், அதைப் படிச்ச பிறகுதான் விரும்பி சைவம் ஆனேன்னு அவரே சுயசரிதையில சொல்றார். அதாவது கத்துக்கிட்டவர் அவர், கத்துக்கொடுத்தது வெள்ளைக்காரன் கடை. மூணு கட்டுரையாளர்களும் இதை அடிக்கோடு போட்டுப் படிக்கவும்.

கதை அங்கே முடியலை. லண்டன் சைவச் சங்கத்து நிர்வாகக் குழுவுல காந்தி சேர்ந்தார். அதே குழுவுல டாக்டர் ஆலின்சன்னு ஒருத்தர், கருத்தடையை ஆதரிச்சுப் பேசறவர். சங்கத் தலைவர் ஆர்னால்டு ஹில்ஸ், பெரிய கப்பல் கட்டும் கம்பெனி முதலாளி, சங்கத்துக்குப் பணம் கொடுக்கறவர். ஒழுக்கக்கேடான கருத்து உள்ளவர் நம்ம சங்கத்துல இருக்கக் கூடாதுன்னார். காந்திக்கு ஆலின்சன் கருத்து பிடிக்காது. இருந்தும், சங்கத்தோட வேலை மரக்கறியைப் பரப்பறது, ஆளோட ஒழுக்கத்தை அளக்கறது இல்லைன்னு எழுதிக்கிட்டுப் போனார். எழுந்து படிக்கக் கூச்சம், வேற ஒருத்தர் படிச்சார். தீர்மானத்துல ஆலின்சன் பக்கம் தோத்தது. இருபது சொச்சம் வயசுப் பையனுக்கு அந்தக் கோடு எங்கே போடணும்னு தெரிஞ்சிருக்கு. தட்டுல என்ன இருக்குங்கறது சங்கத்து விஷயம். தட்டுக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்கறவன் யாருங்கறது இல்லை.

'அப்ப நாங்க எதையுமே கேக்கக் கூடாதா, முட்டை இருக்கான்னு கூட?'ன்னு கேப்பீங்க. தாராளமாக் கேளுங்கய்யா. தட்டைப் பத்தி நீங்க கேக்கறது பத்தாதுங்கறதுதான் என் புகாரே! சமையல்காரன் குலம் கோத்திரம் விசாரிக்கற மகானுபாவர் அடுத்த நாள் மலை உச்சியில உட்கார்ந்து சீஸ் ஃபான்ட்யூவுல ரொட்டியைத் தோய்ச்சுத் தோய்ச்சு உள்ளே தள்றார், 'பியூர் வெஜ்'னு போட்டோ வேற. க்ரூயேர் சீஸ் எப்படிப் பண்றாங்க தெரியுமா? பாலைத் திரிக்க ரென்னட் ஊத்துவாங்க. அது பால்குடி மறக்காத கன்னுக்குட்டியோட இரைப்பையில இருந்து எடுக்கறது. எம்மென்டாலரும் பரம்பரையா அப்படித்தான். இத்தாலிக்காரனோட பார்மிஜானோவும் அப்படித்தான். ஃபான்ட்யூவுல வெள்ளை ஒயினும் கிர்ஷ் சாராயமும் உண்டு, அது தனி. குழந்தைக்கு வாங்கித் தர ஜவ்வு மிட்டாய்ல பெரும்பாலும் ஜெலட்டின், பன்றித் தோல்ல இருந்து வரது. வீட்டம்மா இந்த ஊருக்கு வந்த முதல் மாசமே இதையெல்லாம் நோட்டுப் போட்டு எழுதி வச்சுட்டாங்க. மஞ்சள் வட்டத்துல பச்சையா 'வி' எழுத்து போட்ட அட்டையைப் பார்த்துத்தான் சீஸ் வாங்குவாங்க, அதுல கன்னுக்குட்டி ரென்னட் இருக்காது. பன்னிரண்டு வருஷத்துல ஒரு சமையல்காரரோட பூர்வீகத்தையும் அவங்க விசாரிச்சதில்லை. எதிர்ல உட்கார்ந்து நான் என்ன தின்னாலும் 'உப்பு சரியா இருக்கா?'ன்னு மட்டும் கேப்பாங்க.

அந்த யாழ்ப்பாணத்து அண்ணனைப் பத்தி இன்னும் கொஞ்சம். சுவிட்சர்லாந்துல ஈழத்தமிழர் ஐம்பதாயிரம் பேர் அளவுக்கு இருக்காங்க. 1983 கலவரத்துக்குப் பிறகு அகதியா வந்தவங்களும் அவங்க பிள்ளைகளும். வந்த புதுசுல அவங்களுக்குக் கிடைச்சது பெரும்பாலும் ஓட்டல் சமையல்கட்டு, பாத்திரம் கழுவறது, துப்புரவு. ஆசிரியரா இருந்தவங்க, பாங்கில இருந்தவங்க எல்லாம் அந்தத் தொட்டிக்கு முன்னாடி நின்னிருக்காங்க. இந்த நாட்டோட எத்தனையோ ஓட்டல்ல ரோஸ்டிக்கு உருளைக்கிழங்கு துருவினது தமிழ்க் கை. நீங்க புகழ்ந்து தள்ளற 'வெள்ளைக்காரன் சமையல்' எத்தனை நாள் அந்தக் கையால வந்ததுன்னு உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா பாதித் தட்டை மிச்சம் வச்சிருப்பீங்களோ என்னவோ.

அந்த அண்ணனை அப்புறம் ஆடி மாசத் திருவிழாவுல பார்த்தேன். சூரிச்ல இருந்து சீல் ஆத்து ஓரமா ரயில்ல போனா ஆட்லிஸ்வில்னு ஒரு ஊர், அங்கே முருகன் கோயில் இருக்கு. வேட்டி கட்டி, அன்னதானத்துக்குப் பெரிய கிடாரத்துல பருப்பைக் கிண்டிக்கிட்டிருந்தார். நானா போய் அன்னிக்கு நடந்ததைப் பத்திப் பேச்செடுத்தேன். "எனக்கு அது பழகிப்போச்சு, விடுங்கோ" என்றார். கரண்டியால ஒரு சொட்டு எடுத்து என் உள்ளங்கையில விட்டார். "உப்புக் காணுமோ எண்டு பாருங்கோ."

டிஸ்கி 1: ஹில்ட்ல் போறவங்க மத்தியானம் பன்னிரண்டுக்கு முன்னாடியே போயிடுங்க, ஆபீஸ் கூட்டம் வந்தா உட்கார இடம் கிடைக்கறது கஷ்டம். தயிரைக் கடைசியாப் போட்டுக்கங்க, முதல்ல போட்டா கை நிக்காது.

டிஸ்கி 2: 'உங்க வீட்டம்மா என்ன ஜாதி?'ன்னு கேக்கற பின்னூட்டங்கள் வெளியிடப்படாது.